மழையில் அடித்த பெயிண்ட்

ஹூப்ளி
8 மார்ச் 1982

அன்புள்ள நபீசு இத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இரண்டு பெருநாளாக இந்தத் தங்கையிடமிருந்து கடிதம் இல்லை என்று திட்டியிருப்பீர்கள். திட்டினால் நல்லதுதான், இன்னும் என்னை மறக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த ரமலானுக்கு நம் வீட்டில் இருக்க ஆசை. நோன்பு, பெருநாள் எல்லாம் முடிய இரண்டு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று எண்ணம். அவரால் கடையை விட்டு வர முடியாது, நான் மட்டும்தான் வருவேன்.

என் அறை பூட்டி எட்டு வருடம் ஆகிறது. நான் வருவதற்கு முன் கோரனைக் கூப்பிட்டு ஒரு தடவை சுண்ணாம்பு அடித்து வையுங்கள், கொஞ்சம் நீலம் கலந்து. உம்மா இருந்தபோது நோன்புக்கு முந்தைய மாதம் வீடு முழுக்கக் கழுவி வெள்ளையடிப்பார்கள் இல்லையா, அப்படி. ஆனால் நோன்புப் பிறை வருடா வருடம் பத்துப் பதினோரு நாள் முன்னால் ஓடி வருகிறது, மழை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இந்த வருடம் நோன்பு மிதுன மாத மழையில் வந்து விழுகிறது. அதனால் இந்த வெயிலிலேயே அடித்துவிடச் சொல்லுங்கள்.

மச்சான் மொய்துக்காவுக்கு சலாம். சுஹராவுக்கு முத்தம்.

சைனபா


தலச்சேரி
21 மார்ச் 1982

அன்புள்ள சைனபா,

உன் கடிதம் கிடைத்தது. நீ வருகிறாய் என்றால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வெள்ளையடிக்கிற விஷயம் நீ அங்கே உட்கார்ந்து நினைக்கிற மாதிரி இல்லை.

மீனம், மேடம் இரண்டும் கொளுத்துகிற மாதம். இந்த வெயிலில் சுண்ணாம்பு அடித்தால் சுவரில் பிடிப்பதற்குள் காய்ந்துபோய், தோள் பட்டாலே பொடியாக உதிரும். கிணற்றில் தண்ணீரும் அடிக்குப் போய்விட்டது. கோரனைப் பிடிக்கவும் முடியாது, கோயில் திருவிழா வேலையில் இருக்கிறான். இடவம் பாதியில் மழை இறங்கிவிடும். மழைக்காலத்தில் தலச்சேரியில் யாரும் சுவரில் கை வைக்க மாட்டார்கள், உனக்கே தெரியும். அது ஓய்ந்தால் துலா மாதத்து இடிமழை.

வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சரியான காலம் மகரம், உன் ஹூப்ளிக் கணக்கில் ஜனவரி பாதிக்கு மேல். மழை போய் இரண்டு மாதம் ஆகியிருக்கும், செம்புராங்கல் சுவர் உள்வரை காய்ந்திருக்கும், வெயிலும் இதமாக இருக்கும். மகரத்தில் அடித்து வைக்கிறேன், அதற்கப்புறம் நிதானமாக வா. ரமலான் எங்கே போகிறது, அடுத்த வருடமும் வரும்.

உன் மாப்பிள்ளை அபூட்டியைத் தனியாக விட்டுவிட்டு வந்தால் அவன் சாப்பாட்டுக்கு என்ன செய்வான்? அதையும் யோசி.

நபீசு


ஹூப்ளி
4 ஏப்ரல் 1982

இத்தா,

மீனத்தில் வெயில், இடவத்தில் மழை, துலாத்தில் இடி. அப்படியானால் தலச்சேரியில் இத்தனை வீடுகள் எப்போதுதான் வெளுத்தன? நம் உம்மா ஒருவர்தான் காலம் தெரியாமல் வருடா வருடம் அடித்தார்களோ?

ஒன்று கேட்க வேண்டும். எப்போதும் நீங்கள் சொல்லச் சொல்ல சுஹராதான் எழுதுவாள். அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இந்த முறை உங்கள் கையெழுத்து, கோழி கிளறினது போல. பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா?

எனக்கு வெள்ளை வேண்டாம், இத்தா. நீலமும் வேண்டாம். பெருக்கி ஒரு பாய் போட்டு வைத்தால் போதும். சுவர் உதிர்ந்தால் என் தலையில்தானே உதிரப்போகிறது, உதறிவிட்டு எழுந்துகொள்கிறேன். இந்த வருடமே நான் வர வேண்டும். ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

சைனபா


தலச்சேரி
2 மே 1982

சைனபா,

சுஹரா நன்றாக இருக்கிறாள். எனக்கும் எழுதத் தெரியும் என்பதால் எழுதினேன். கோழி கிளறினதாக இருந்தாலும் படிக்க முடிந்ததல்லவா?

நீ என்னவோ நான் சாக்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறாய். உன் அறையில் கரையான் ஏறியிருக்கிறது. நிலைச்சட்டமே போய்விட்டதோ என்று சந்தேகம், பழுது பார்க்க வேண்டும். அப்படி இருக்கிற அறையில் பாயைப் போட்டு உன்னைப் படுக்கவைத்தால் ஊர் என்னைத்தான் பேசும்.

ஊரைப் பற்றிச் சொன்னதால் சொல்கிறேன். உம்மா போன நாற்பதாம் நாளுக்கு மறுநாள் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாயே, அன்றைக்கு யாரிடம் காலம் பார்த்தாய்? நம் வீட்டுக்கு மாப்பிள்ளைகள் வருவார்கள். அறுபது வயதானாலும் அவர்கள் இங்கே புதுமாப்பிள்ளைதான். பெண்கள் வீட்டை விட்டுப் போனதில்லை. முதலில் போனவள் நீ. மொய்துக்கா அபூட்டியை ரொட்டிக்காரன் என்று சொன்னது விளையாட்டுக்கு. அதற்காக ஒருத்தி பிறந்த வீட்டைவிட்டு இறங்குவாளா? அன்றையிலிருந்து இந்த வீட்டின் ஒழுகல், விரிசல், பாசி எல்லாவற்றையும் பார்த்தவள் நான். எப்போது வெள்ளையடிப்பது என்று எனக்குத் தெரியும்.

மகரத்தில் வா.

நபீசு


ஹூப்ளி
14 ஜூன் 1982

நபீசு இத்தாவுக்கு,

நேற்று நம் ஊர் பக்கர்க்கா கருவாட்டு லாரியோடு இங்கே வந்திருந்தார். டீயும் பன்னும் கொடுத்து ஊர் விஷயம் கேட்டேன்.

"உன் அக்கா வீட்டைப் பாத்தா கண்ணு கூசுது சைனபா. கடல் நீலம். ஆயில் பெயிண்ட். முகம் பாத்துத் தலை சீவலாம்."

"இந்த மழையிலயா?"

"மழையிலதான். வாசல்ல ஓலை கட்டி, உள்ள கரி அடுப்பு வச்சு சுவரக் காய வச்சு அடிச்சாங்க. சுஹராவப் பாக்க தோஹாக்காரன் வீட்டுலேருந்து வர்றாங்கள்ல."

சுஹராவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறீர்கள். எனக்கு ஒரு வரி எழுதவில்லை. அது போகட்டும்.

"எங்க அறைக் கதவுக்கு என்ன நிறம் அடிச்சிருக்காங்க?" என்று கேட்டேன்.

அவர் பன்னைக் கடித்தபடி யோசித்தார். "எந்தக் கதவு? நடுக்கூடத்துல மூணு கதவுதான இருக்கு."

அந்தக் கூடத்தில்தான் நான் தவழ்ந்தேன். உம்மாவின் கதவு. உங்கள் கதவு. சுஹராவுக்கு ஒதுக்கிய கதவு. அதை ஒட்டி என்னுடையது. எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு நாலுதான் வருகிறது.

நாலாவது எங்கே, இத்தா?

சைனபா


தலச்சேரி
28 ஜூன் 1982

சைனபா,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நோன்பு வைத்துக்கொண்டு பொய் எழுதக் கை வரவில்லை. உண்மை எழுதவும் வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

உன் முதல் கடிதம் வந்த அன்று உன் கதவு இருந்தது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பையன் தோஹாவில் வேலை பார்க்கிறான். அறையோடு சேர்ந்த குளியலறை இருந்தால் நல்லது, முற்றம் தாண்டிப் போகிற பழக்கம் அவனுக்குப் போய்விட்டது என்று தரகர் சொன்னார். சுஹரா அறையை ஒட்டி இருப்பது உன் அறைதான். கொத்தனாரிடம் பேசி வைத்திருந்தேன், தொடங்க மனம் வராமல் இருந்தது. அப்போது உன் கடிதம் வந்தது. படித்தேன், தலையணைக்கு அடியில் வைத்தேன், மறுநாளே கொத்தனாரை வரச் சொன்னேன். நீ வந்து நிற்பதற்குள் முடிந்துவிட வேண்டும் என்று இருந்தது. உனக்கு எழுதிய வெயில், மழை, இடி, கரையான் எல்லாம் அந்த வேலைக்கு நாள் வாங்கத்தான். அதனால்தான் சுஹராவை எழுத விடவில்லை.

உன் கட்டில் கிடந்த இடத்தில் இப்போது நாற்காலி மாதிரி உட்காருகிற கக்கூஸ் இருக்கிறது. இதை எழுதும்போது என் முகம் எரிகிறது. அதற்கு சுஹரா அறையிலிருந்து வழி உடைத்திருக்கிறோம், ஜன்னல் பக்கம் பாதி அறை மிச்சம் இருக்கிறது. கூடத்துக் கதவைக் கழற்றி, அந்த இடத்தில் கல் வைத்து, இடவம் பிறந்த வாரத்தில் சிமெண்டு பூசினார்கள்.

கோரன் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "உம்மா, இது இன்னும் தண்ணி குடிச்சிட்டிருக்கு. மகரம் வரைக்கும் விடுங்க. அவசரம்னா சுண்ணாம்பு அடிக்கலாம், அது மூச்சு விடும். ஆயில் பெயிண்ட் அடிச்சா உள்ள இருக்கறது எப்படியும் வெளிய வரும்."

"நீ அடி. நான் சொல்றேன்ல" என்றேன். சுண்ணாம்பு அடித்தால் புதுப்பூச்சு தனியாகத் தெரியும், அந்தப் பயம் எனக்கு. உனக்கு மகரம் என்று பாடம் எடுத்தவள் இடவ மழையில் கரி அடுப்பு வைத்து வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தேன்.

அடித்த அன்று கண்ணாடி மாதிரி இருந்தது. ஆறாம் நாள் பையனின் உம்மா ஹலீமாத்தாவும் நாலு பெண்களும் வந்தார்கள். அன்று காலையில்தான் கவனித்தேன். மற்ற சுவரெல்லாம் பளபளவென்று இருக்க, அந்த இடத்தில் மட்டும் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. இரண்டு பக்கமும் நேர்கோடு, மேலே நிலைச்சட்டம் இருந்த உயரத்தில் குறுக்குக்கோடு. அளவெடுத்து வரைந்த மாதிரி உன் கதவு. மக்கா படத்தைக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தேன். என் பொய்யை மறைக்க எதை எடுத்தேன் பார். ஈரச் சுவரில் ஆணி நிற்கவில்லை, படத்தைத் திரும்ப எடுத்துவைத்தேன்.

ஹலீமாத்தா அதற்கு நேரெதிரில்தான் உட்கார்ந்தார்கள். சர்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்கள்.

"இங்க ஒரு கதவு இருந்துச்சா நபீசு?"

"அது பழைய அலமாரி. கரையான் அரிச்சிடுச்சுன்னு அடைச்சிட்டோம்."

சுஹரா முட்டைமாலைப் பலகாரத் தட்டைக் கீழே வைத்தாள். "அலமாரி இல்ல. எங்க எளேம்மாவோட கதவு."

"எளேம்மா மவுத்தாயிட்டாங்களா?"

"இல்ல. ஹூப்ளில இருக்காங்க."

ஹலீமாத்தா சர்பத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்கள். முட்டைமாலையை ஒருவரும் தொடவில்லை. வாசலில் செருப்புப் போடும்போது ஹலீமாத்தா மெதுவாகச் சொன்னார்கள்: "எங்க வீட்டுலயும் நாலு பொண்ணுங்க. ஒருத்தி பம்பாய்ல இருக்கா. அவ கதவ யாரும் அடைக்கல. கூடப் பொறந்தவளுக்கே கதவு இல்லாத வீட்டுல என் மகனுக்கு எத்தனை நாளைக்கு இருக்கும்? அதத் திறங்க, அப்புறம் நாள் பேசலாம்."

அவர்கள் போனதும் கதவைத் திறந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை. கோரனைக் கூப்பிட்டு மறுபடி அடிக்கச் சொன்னேன். நாலே நாளில் அதே கதவு எழும்பியது. மூன்றாம் தடவைக்கு அவன் வரமாட்டேன் என்றுவிட்டான், மொய்துக்காவே அடித்தார். அதுவும் எழும்பி நின்ற அன்றுதான் உன் கடிதம் வந்தது. நாலாவது எங்கே என்று நீ கேட்டதைப் படித்துவிட்டுத் தலை நிமிர்ந்தால், எதிரே இருக்கிறது.

இப்போது திறக்கட்டுமா? திறந்தால் வருவாயா? கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

நபீசு


ஹூப்ளி
8 ஜூலை 1982

இத்தா,

கக்கூஸ் என்று படித்ததும் முதலில் சிரித்துவிட்டேன். பிறகு நெடுநேரம் அழுதேன். பிறகு கோபம் வந்தது, அது இன்னும் இருக்கிறது.

யாருக்காகத் திறக்கப்போகிறீர்கள்? ஹலீமாத்தா நாள் பேசுவதற்காக என்றால், அப்படித் திறக்கிற கதவு எனக்கு வேண்டாம். கல்யாணம் முடிந்த மறுநாள் திரும்பவும் கல் வைப்பீர்களா என்று ஒவ்வொரு ராத்திரியும் யோசித்துக்கொண்டு என்னால் அங்கே படுக்க முடியாது.

நீங்கள் உண்மை எழுதினீர்கள். நான் எழுதாமல் இருந்தால் எனக்கும் நோன்பு தங்காது.

அவரால் கடையை விட்டு வர முடியாது என்று எழுதினேன். கடையே இல்லை. போய் இரண்டு வருடம் ஆகிறது. அவர் மஸ்கட்டுக்குப் போனார். முதலில் கடிதம் வந்தது, இப்போது எட்டு மாதமாக எதுவும் இல்லை. அங்கே அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஒருவரை இங்கே பார்த்தேன், அந்த ஆள் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

பக்கர்க்கா டீ குடித்தது இன்னொருவர் பேக்கரியில். நான் அங்கே பின்பக்கம் மாவு பிசைகிறேன், மாவு மூட்டைகளுக்கு நடுவில் படுக்கிறேன். அவர் என்னைப் பார்த்ததும் பதறிப்போனார். ஊரில் சொல்லாதீர்கள் என்று கெஞ்சினேன். பாவம், சொல்லவில்லை போலிருக்கிறது.

இரண்டு மாதம் என்று எழுதியதும் பொய். வந்தால் திரும்பிப் போக எனக்கு இடமில்லை. ரொட்டிக்காரன் என்ற ஒரு சொல்லுக்காக அத்தனை பேர் பார்க்கத் தலையை நிமிர்த்திக்கொண்டு இறங்கினவள் நான். எந்த முகத்தோடு ஏறுவது? அதற்காகத்தான் வெள்ளையடிக்கச் சொன்னேன். அறைக்குப் புதுச்சுண்ணாம்பு அடித்திருந்தால், அக்கா ஆசையாகக் கூப்பிட்டிருக்கிறாள், இவள் வந்திருக்கிறாள் என்று ஊர் நினைத்துக்கொள்ளும். என் சுவருக்குக்கூட அல்ல, என் முகத்துக்குத்தான் பூச்சு கேட்டேன்.

இனி உங்கள் இஷ்டம்.

சைனபா


தலச்சேரி
27 ஜூலை 1982

அன்புள்ள எளேம்மாவுக்கு,

உம்மா சொல்கிறார்கள், நான் சுஹரா எழுதுகிறேன். சொல்வதை அப்படியே எழுத வேண்டும், அழகுபடுத்தக் கூடாது என்று உத்தரவு.

சைனபா, பெருநாளைக்கு நாலு நாள் முன்னால் ஹலீமாத்தா வீட்டிலிருந்து ஆள் வந்தது. அவர்கள் மாஹியில் ஓர் இடம் பேசி முடித்துவிட்டார்கள். உன் கடிதம் வந்து அதற்குள் ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்த ஒரு வாரமும் நான் கதவைத் திறக்கவில்லை. திறந்தால் அவர்களுக்காகத் திறந்தேன் என்று நீ நினைப்பாய் என்பதற்காகத்தான் காத்திருந்தேன் என்று சொல்லலாம். அது முழு உண்மை இல்லை. ஊருக்கு முன்னால் சுவரை உடைக்கத் தைரியம் வரவில்லை.

பெருநாள் மறுநாள் உடைத்தோம். கர்க்கடக மழை கொட்டுகிறது, கொத்தனார் வரமாட்டேன் என்றார். கோரனும் மொய்துக்காவும் உடைத்தார்கள், நான் கல் எடுத்துக் கொடுத்தேன். கதவு விறகுக் கொட்டகையில் பத்திரமாக இருந்தது. மாட்டியாயிற்று. மழையில் மரம் ஊதி இருப்பதால் முழுதாகச் சாத்த வரவில்லை, ஒரு கை அகலத்துக்குத் திறந்தே நிற்கிறது. அந்தக் கல்லை வைத்தே சுஹரா அறைப் பக்கத்து வழியை அடைத்துவிட்டோம். அதனால் கக்கூஸ் இப்போது உன் அறையோடு சேர்ந்தது.

(எளேம்மா, இது நான் சொல்வது. எனக்கு அந்த மாப்பிள்ளை போனதில் ஒரு வருத்தமும் இல்லை. உம்மா என்னைப் பார்த்தால்தான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். நீங்கள் வந்து சொல்லுங்கள்.)

மொய்துக்கா ஈஸிசேரில் இருந்தபடி, "நான் அன்னைக்குச் சொன்னது தப்புதான்னு எழுது. ரெண்டு தடவ எழுது" என்கிறார். ஒரு தடவை எழுதினால் போதும் என்று நினைக்கிறேன்.

கூடம் பார்க்கச் சகிக்கவில்லை. கடல் நீலத்துக்கு நடுவில் கதவைச் சுற்றிக் கல்லும் சிமெண்டும் பல்லைக் காட்டுகிறது. கோரன் மகரம் வரைக்கும் ஒருத்தரும் தொடக் கூடாது என்கிறான். வருகிறவர்கள் எல்லாம் இது என்ன என்று கேட்கிறார்கள், நான் டீ எடுக்கப் போகிற மாதிரி உள்ளே போய்விடுகிறேன். நீ கேட்ட சுண்ணாம்பை இப்போது என்னால் தர முடியாது. பூச்சில்லாத சுவருக்குத்தான் உன்னைக் கூப்பிட முடிகிறது.

வா.

நபீசு, சுஹரா


ஹூப்ளி
5 ஆகஸ்ட் 1982

இத்தாவுக்கும் சுஹராவுக்கும்,

செவ்வாய்க்கிழமை கிளம்புகிறேன். மங்களூர் வரை பஸ், அங்கிருந்து மதிய வண்டி. ஒரு பெட்டிதான், யாரும் ஸ்டேஷனுக்கு வர வேண்டாம்.

கதவை இழைத்துச் சரிசெய்ய ஆளைக் கூப்பிடாதீர்கள். வெயில் வந்தால் மரம் தானாக இறங்கும், இப்போது இழைத்தால் அப்புறம் இடைவெளி விழும். அந்தக் கக்கூஸ் எனக்கு மட்டும் எதற்கு? முற்றம் தாண்டி நடக்கக் கால் வலிக்கிறவர்கள் எல்லாரும் என் அறை வழியாக வந்து போகலாம், நான் தடுக்க மாட்டேன்.

கோரன் சொன்னதைக் கேளுங்கள், மகரம் வரை சுவரைத் தொட வேண்டாம். உங்களிடம் சுவரைப் பற்றிக் கேட்கிறார்கள் என்கிறீர்கள். நான் வந்து இறங்கியதும் என்னிடம், எப்ப வந்தே, எப்பத் திரும்பறே என்று கேட்பார்கள். இரண்டு பேரும் ஒரு நாள் உட்கார்ந்து இரண்டுக்கும் பதில் யோசிக்கலாம். ஒன்றும் தோன்றவில்லையென்றால் நடந்ததையே சொல்லிவிடுவோம். மகரத்துக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, அதற்குள் நமக்குச் சொல்லிப் பழகிவிடும்.

சைனபா